அறுப்புக்கு ஒரு தடவை பல் சுத்தம்

முப்பது வருஷமாக நெல்லைக் கடித்துப் பிழைத்தவன் நான். செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு வந்து இறங்கும் மூட்டைகளை, மில்லுக்கு வாங்கி அனுப்புவதற்காக ஏலத்துக்கு முன்னால் சுற்றிப் பார்ப்பேன். குத்தூசியை மூட்டையில் செருகி இழுத்தால் உள்ளங்கையில் ஒரு பிடி நெல் விழும். அதில் இரண்டை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடிப்பேன். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால் ஈரம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். ஈர நெல்லைக் காய்ந்தது என்று வாங்கி அனுப்பினால் மில்லில் லாரியை அப்படியே திருப்பி விடுவார்கள். ஈரம் பார்க்க மெஷின் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனாலும் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் விவசாயி மெஷினைப் பார்க்கமாட்டார், என் வாயைத்தான் பார்ப்பார்.

எனக்கும் அதில் ஒரு கர்வம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பொன்னி நெல்லா குண்டு நெல்லா என்று கண்ணை மூடிக்கொண்டு கடித்துச் சொல்வேன். நேற்று பெய்த தூறலில் நனைந்த நெல்லா, அறுத்த அன்றே மூட்டை கட்டிய நெல்லா என்றும் சொல்வேன். என் பக்கத்தில் நின்று அதே முப்பது வருஷமாக நெல் கடிக்கிற பாய் ஒருவர் இருக்கிறார். செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மூட்டையைக் கடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வந்திருக்கும். ஆனால் ஏலப் பெட்டியில் போடச் சீட்டில் எழுதும் விலையை மட்டும் கையால் மறைத்துக்கொள்வோம்.

ஒரு சித்திரை மாதம், நவரை நெல் வந்து குவிந்துகொண்டிருந்த நேரம். அனந்தபுரத்துக்காரர் ஒருவருடைய நெல்லை எடுத்துக் கடித்தேன். நெல் உடையவில்லை. என் பல்தான் உள்பக்கமாகச் சாய்ந்தது. திகைத்துப் போய்க் கையில் துப்பினேன். உமியோடு ரத்தமும் இருந்தது. அந்த மனுஷன் பதறிப்போய், என் நெல் நல்லாக் காய்ஞ்ச நெல்தாங்க என்றார். தன் நெல்மேல் பழி வந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். எனக்கு வந்த வெட்கத்தில் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல விலையாக எழுதிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஈறில் ரத்தம் வருவது எனக்குப் புதிது இல்லை. இரண்டு மூன்று வருஷமாகவே வந்துகொண்டிருந்தது. ரத்தம் வருகிற இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு மற்ற இடத்தில் பல்பொடியை விரலால் தேய்த்துக்கொள்வேன். புண்ணைத் தொந்தரவு செய்யக் கூடாது அல்லவா, அதுதான் என் வைத்தியம். ஆடுகிற பல்லைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் என் மனைவி ஒரு வாரம் நான் தோசையை விட்டு இட்லியாகக் கேட்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் காலையில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகச் சொன்னாள்.

“இன்னாங்க, நானும் சொல்லக் கூடாதுன்னு பாக்கறேன். வாய் நாறுது. ஒரு வருசமாவே நாறுது.”

ஒரு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொன்னால் நீங்கள் வள்ளென்று விழுவீர்கள் என்றாள். அன்றைக்கும் விழுந்தேன். சாயங்காலமே அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் இருக்கும் பல் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் வாயைப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார், கீழ்வரிசை முன்பல் நாலும் ஆடுகின்றன என்றார். பல்லில் ஒன்றும் கோளாறு இல்லையாம், பல்லைப் பிடித்திருக்கும் ஈறும் எலும்பும்தான் கரைந்துகொண்டிருக்கின்றனவாம். கரைந்த எலும்பு திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றினால் நாலும் நிற்கலாம், விட்டால் நாலும் போகும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்தது பல்லைச் சுத்தம் செய்வதற்கென்றே படித்த ஒரு பெண். அந்த வேலைக்கு ஹைஜீனிஸ்ட் என்று பெயராம். மேல்சித்தாமூர்ப் பெண், வீட்டில் விவசாயம். என்னைப் பார்த்ததும், வாங்க அங்கிள் என்றாள். எனக்கு ஐம்பத்து மூன்று வயதுதான் ஆகிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த நாற்காலியில் படுத்தால் ஜன்னல் வழியாக ராணிக்கோட்டையின் மேல்பாதி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு மெஷின் கிய்யென்று கத்திக்கொண்டு தண்ணீரைப் பீச்சியது. நடுவில் எழுந்து துப்பச் சொன்னாள். துப்பிய கிண்ணத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மஞ்சளும் கறுப்புமாகச் சில்லுச் சில்லாகக் கிடந்தன. பல்லை உடைத்துவிட்டாயே அம்மா என்று கத்தியே விட்டேன். வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து உள்ளே வந்துவிட்டாள். அந்தப் பெண் பதறவில்லை. ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொன்னாள். பல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கிண்ணத்தில் கிடந்தது பல் இல்லை, பல்லில் வருஷக்கணக்காகப் படிந்து கல்லாகிப்போன அழுக்கு, அதுதான் ஈறைத் தின்றுகொண்டிருக்கிறது என்றாள். ஈறுக்குள்ளே இருந்து நாலைந்து உமியும் எடுத்தாள். உமி எப்படி அங்கே போனது என்று கேட்டாள். நான் என் தொழிலைச் சொன்னேன். அவள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இனிமேல் முன்பல்லில் நெல் கடிக்கக் கூடாது என்றாள்.

அதற்குப் பிறகு பாடம் நடந்தது. மெல்லிய நார் உள்ள பிரஷ், காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கப்போகும் முன் ஒரு தடவை. ராத்திரி தேய்ப்பதுதான் முக்கியம். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷை வைத்து மெதுவாக ஆட்ட வேண்டும், பாத்திரம் விளக்குவதுபோல் அழுத்தித் தேய்க்கக் கூடாது. பல் இடுக்குக்குத் தனியாக ஒரு குட்டிப் பிரஷ். ரத்தம் வருகிற இடத்தை நான் விட்டுவிடுவதைச் சொன்னபோது, விட்டதால்தான் அங்கே ரத்தம் வருகிறது என்றாள். நல்ல ஈறு உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை வந்தால் போதும். எனக்கு மட்டும் நாலு மாதத்துக்கு ஒரு தடவை. அதைத் தாண்டினால் வீட்டில் எட்டாத ஆழத்தில் மறுபடி கல் கட்டிவிடும் என்றாள். ஒரு அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தாள்.

எனக்கு இங்கிலீஷ் தேதியெல்லாம் மனசில் நிற்காது. ஆனால் நாலு மாதம் என்றதும் கணக்கு சுலபமாக வந்துவிட்டது. சித்திரையில் நவரை வருகிறது, ஆவணியில் சொர்ணவாரி, தையில் சம்பா. அறுப்புக்கு ஒரு தடவை பல் சுத்தம். நெல் வந்து, வாங்கி, லாரி ஏற்றி முடித்ததும் கிளினிக்குக்குப் போய்விட வேண்டியது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது சிரித்தாள், எப்படியோ ஞாபகம் இருந்தால் சரி என்றாள். அட்டையைக் கொண்டுபோய் மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

முதல் ஒரு வாரம் எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. இடுக்கெல்லாம் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது, பச்சைத் தண்ணீர் குடித்தால் கூசியது, நாக்கு எந்நேரமும் அங்கேயே போய் நின்றது. பாய்க்குக் கேட்கவே வேண்டாம். சுத்தம் செய்தால் பல் தேய்ந்து ஆடிப்போகும் என்று அவருடைய மச்சானில் தொடங்கி ஊரில் பாதிப் பேரைச் சாட்சிக்கு இழுத்தார். கமிட்டி முழுக்க என்னைக் கேலி செய்தார். நான் நெல்லை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மெஷினை எடுப்பதைப் பார்த்ததும், பொண்ணு பாக்க வந்தவனாட்டம் கூச்சப்படறான் பாரு என்று கத்துவார். விவசாயிகளுக்கும் திருப்தி இல்லை. கடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க என்று கெஞ்சுவார்கள். பல் துறுதுறுத்தாலும் கடிக்கவில்லை. அதில் மட்டும் நான் கெட்டிக்காரன்.

ஒரு மாதத்தில் ரத்தம் நின்றது. ஆவணியில் சொர்ணவாரி லாரிகளை அனுப்பிவிட்டு இரண்டாவது தடவை போனேன். அப்போது என் மனைவியையும் நாற்காலியில் உட்கார வைத்தேன். அந்தப் பெண் சுத்தம் செய்துவிட்டு, உங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போதும் ஆண்ட்டி என்றாள். அவ்வளவுதான், என் மனைவி பரீட்சையில் முதல் வந்த மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டாள். ராத்திரி நான் குட்டிப் பிரஷோடு கண்ணாடி முன் நிற்கும்போது, கல்யாணத்தன்றுகூட இவ்வளவு நேரம் கண்ணாடி பார்த்தவர் இல்லை என்பாள். தைப்பொங்கலுக்குக் கரும்பை அவளே சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தட்டில் வைத்தாள். கடைவாயில் மென்று தின்றேன். அந்த வருஷம் நான் நிம்மதியாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். தையில் மூன்றாவது தடவை, சித்திரையில் நாலாவது, ஆவணியில் ஐந்தாவது. பல் ஆட்டம் குறைந்திருக்கிறது என்றாள் கிளினிக் பெண். எனக்கு ஏகத்துக்கும் தெம்பு வந்துவிட்டது.

அந்த வருஷம் கார்த்திகை மாதம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி உடைந்து, பூ எடுத்த சம்பா முழுக்கத் தண்ணீரில் கிடந்து அழுகியது. மண்டகப்பட்டுப் பக்கம் வயலும் ரோடும் ஒன்றாகத் தெரிந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பாதிப் பேர் மறுபடி நட்டார்கள். தை மாதம் கமிட்டி வெறிச்சோடிக் கிடந்தது. நானும் பாயும் டீக்கடையில் உட்கார்ந்து பொழுதைக் கழித்தோம். மார்கழியிலேயே கிளினிக்கிலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள், தேதி வந்துவிட்டது என்று.

“இன்னும் அறுப்பே வரலியேம்மா” என்றேன்.

என் பழைய கணக்கு அவளுக்கு ஞாபகம் இல்லைபோல, ஒன்றும் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. நெல் வந்ததும் வருகிறேன் என்று வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் மண்டையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. வேலை இல்லாமல் டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருந்த ஆள், நடந்தே கிளினிக்குக்குப் போயிருக்கலாம். ஆனால் மனசு அப்படித்தான் கட்டிப்போட்டு வைத்திருந்தது. மூட்டை வந்து இறங்கினால்தான் எனக்கு அந்த நாலு மாதம் முடிந்தது என்று கணக்கு. தையில் வர வேண்டிய நெல் பங்குனி கடைசியில் வந்தது. அது முடிவதற்குள் நவரையும் வந்து சேர்ந்துகொண்டது. சித்திரை பாதியில் நான் நாற்காலியில் போய்ப் படுத்தபோது, கடைசியாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அதற்குள் தேய்ப்பதிலும் சோம்பல் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு அறுப்பும் ஒன்றாக வந்த களைப்பில் எத்தனையோ ராத்திரி அப்படியே படுத்துவிட்டேன். நடுவில் ஒரு பல் மறுபடி ஆடத் தொடங்கியது. சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பெண் ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்த்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண்ணை வாய்விட்டுச் சொல்லிக் குறித்துக்கொள்வாள். மூன்றுக்குள் வந்தால் நல்லது, அதற்கு மேல் போகப் போக மோசம் என்று எனக்கே தெரியும். அன்றைக்கு நாலு, ஐந்து என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஒரு பல்லில் எண்ணைச் சொல்லவில்லை. எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஒன்றை எடுத்துவிட வேண்டியதுதான், மற்ற மூன்றைப் பற்றி இப்போது உறுதி சொல்ல முடியாது, நாலு மாதம் போகட்டும் என்றார். எடுத்தார்கள். வலிக்கவில்லை. அவ்வளவு லேசாக வந்துவிட்டது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டாள். மழையையும் மறுநடவையும் தள்ளிப்போன அறுப்பையும் பஞ்சோடேயே குழறிக் குழறிச் சொன்னேன். விவசாய வீட்டுப் பெண் இல்லையா, எல்லாம் அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். அவர்கள் வயலும் போயிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன்.

“அறுப்பு தள்ளிப்போச்சுன்னு பல்லுக்கு எப்பிடி அங்கிள் தெரியும்?” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டாள். புது அட்டை ஒன்றில் தேதி எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அதை என் மனைவி வாங்கி, அரிசி டிரம்முக்கு மேலே தொங்கும் தினசரிக் காலண்டரில் அந்தத் தேதித் தாளைத் தேடிப் பிடித்து மடித்துவைத்தாள்.

அந்த நாலு மாதம் நான் இருந்த இருப்பை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் மூன்று பல்லையும் தொட்டுப் பார்ப்பேன். எந்த வேலை இருந்தாலும் ராத்திரி பிரஷ் எடுக்காமல் படுத்ததில்லை. ஒருநாள் திருவண்ணாமலை பஸ் தாமதமாகி நடுராத்திரியில் வீடு வந்து சேர்ந்தேன், கண் சொருகியது, அப்படியும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு இடுக்கிடுக்காகத் தேய்த்தேன். மூன்றும் போய்விட்டால் பல்செட்டு வைத்துக்கொள்ளலாம், சோறு தின்னலாம், பேசலாம், உயிர் ஒன்றும் போய்விடாது. எல்லாம் தெரியும். ஆனாலும் என் பல் எனக்கு வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு ஆசையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை.

ஆவணியில் மடித்துவைத்த தேதி வந்தது. சொர்ணவாரி பாதி வந்திருந்தது, மீதி வயலில் நின்றது. விட்டுவிட்டுப் போனேன். மல்லாந்து படுத்தேன். கம்பியோடு உட்கார்ந்தவள் மூன்று என்றாள். அப்புறம் மூன்று என்றாள். அப்புறம் இரண்டு என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே கிடந்தேன். கடைசியில் கையுறை விரலால் மூன்று பல்லையும் அசைத்துப் பார்த்தாள்.

“மூணும் நிக்குது அங்கிள்.”

வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அழ முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. அவள் விளக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, கூசுதா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

போன தை மாதம் கமிட்டியில் மூட்டை வைக்க இடம் இல்லை. நல்ல மழை, நல்ல விளைச்சல், வண்டிகள் பஸ் நிலையம் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. என் தேதி சரியாக அந்த நெரிசலின் நடுவில் வந்து விழுந்தது. பார்த்த மூட்டைகளுக்கு மட்டும் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுக் குத்தூசியைத் துடைத்துப் பையில் வைத்தேன். பாதி மூட்டைகளை நான் பார்க்கவே இல்லை. அத்தனையும் அன்றைக்கு வேறு ஆளுக்குப் போகும். வாசலில் வண்டியை எடுக்கும்போது பாய் பின்னாலேயே வந்தார். இந்த நேரத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டார். பல்லுக்கு என்றேன். கமிட்டிக்கே கேட்கிற மாதிரி ஏதாவது சொல்லிச் சிரிக்கப் போகிறார் என்று தயாராகத்தான் நின்றேன்.

அவர் சிரிக்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். ஈறு செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. நடுப்பல் ஒன்று முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. முப்பது வருஷம் அந்த முகத்துக்கு நேராக நின்று நெல் கடித்திருக்கிறேன், நான் கவனிக்கவே இல்லை.

“நாலஞ்சு மாசமா ஆடுதுப்பா” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “வலிக்குமா?”

“கொஞ்சம் கூசும். நான் கூடவே இருக்கறன், வா.”

தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தும் வரைக்கும் என் தோளைப் பிடித்த கையை அவர் எடுக்கவில்லை.